ஆச்சரிகளின் நாட்டை அவர்களிடமே விட்டுவிடுங்கள்: உத்தராகண்ட் அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய உத்தராகண்ட் முதலமைச்சர் அவர்களுக்கும், மாநில வனத்துறை, சுற்றுலாத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டுக்காக இதை எழுதுகிறேன். அந்த நாட்டுக்கு எல்லை உண்டு. கர்சு ஓக்கும் பூர்ஜ மரமும் நின்றுபோகிற இடத்தில், ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரத்தில் அது தொடங்குகிறது. நிரந்தரப் பனிக்கோட்டில் முடிகிறது. நடுவே விரிந்து கிடக்கும் புல்வெளிகளை உங்கள் மாநிலத்தின் கட்வால் பகுதி மக்கள் புக்யால் என்கிறார்கள். பேதினி, ஆலி, பக்ஜி, தயாரா என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அந்தப் புல்வெளிகளின் சொந்தக்காரர்கள் ஆச்சரிகள் என்பது கீழே இருக்கும் ஊர்களில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் சேதி.

ஆச்சரிகள் மலைத் தேவதைகள். நம்மூர் கன்னிமாரை அறிந்தவர்களுக்கு இவர்களைப் புரிந்துகொள்வது எளிது. கூட்டமாக இருப்பார்கள், பேரழகிகள், பிடித்துப்போனாலும் ஆபத்து, கோபம் வந்தாலும் ஆபத்து. திஹ்ரி மாவட்டத்தில், பிலங்கனா பள்ளத்தாக்கின் பக்கம் இருக்கும் கைட் மலைதான் இவர்களின் தலைமை இடம் என்பார்கள். ஆசா ரௌத்தேலி, பாசா ரௌத்தேலி, இங்கலா ரௌத்தேலி என்று ஒன்பது சகோதரிகளின் பெயரை வரிசையாகச் சொல்லும் பாட்டும் உண்டு. கைட் மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் வளையல், சீப்பு, கண்ணாடி, ரிப்பன் என்று பெண்கள் அலங்காரம் செய்துகொள்ளும் பொருள்களைத்தான் காணிக்கையாக வைக்கிறார்கள்.

ஆச்சரிகள் உண்மையில் இருக்கிறார்களா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அவர்கள் பெயரில் ஓர் ஆட்சி பல தலைமுறைகளாக நடந்துவந்திருக்கிறது. அதற்குச் சட்டங்கள் இருந்தன, அவற்றை மக்கள் மதித்தார்கள், புல்வெளிகள் பிழைத்துக்கிடந்தன. அந்த ஆட்சியைக் கலைத்துவிட்டு நீங்களும் நாங்களும் அங்கே ஏறி உட்கார்ந்த பிறகுதான் புல்வெளிகள் சிதையத் தொடங்கின. எனவே அந்த நாட்டுக்குச் சுயாட்சி கொடுங்கள் என்று கேட்கிறேன். சட்டப்படியே கொடுக்க முடியும். எப்படி என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஜீது பக்ட்வாலின் கதை. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்த மடலைத் தமிழில் படிப்பவர்களுக்குத் தெரியாது. ஜீது, பகூடி ஊர்க்காரன். வீரன், அழகன், புல்லாங்குழல் வாசிப்பதில் அவனுக்கு இணையில்லை. ஆனி மாதத்தில் நாற்று நட நாள் குறித்தாயிற்று. நடவுக்குத் தங்கை வந்து கை வைக்க வேண்டும். அவளை அழைத்துவர மலையேறிப் போகிறான். வழியில் காட்டுக்குள் இளைப்பாற உட்கார்ந்தவன், சும்மா இருக்காமல் குழலை எடுத்து ஊதிவிடுகிறான். ஆச்சரிகள் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். எங்களோடு வந்துவிடு என்கிறார்கள். அவன் கெஞ்சுகிறான். தங்கையை அழைக்கப் போகிறேன், நடவு பாக்கி இருக்கிறது, அதை முடித்துக்கொண்டு வருகிறேன், அதுவரை விடுங்கள் என்கிறான். அவர்கள் சம்மதிக்கிறார்கள். நடவு நாள் வருகிறது. ஜீது ஏர் பிடித்துச் சேற்றில் இறங்குகிறான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவனும் அவன் மாடுகளும் வயலுக்குள்ளேயே போய்விடுகிறார்கள். இன்றும் கட்வால் ஊர்களில் டோலும் தமாவும் முழங்க இந்தக் கதையை ஆடுகிறார்கள். ஜீது அங்கே தெய்வம்.

இதை அச்சமூட்டும் கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் படுவது வேறு. ஆச்சரிகள் அவனுக்குத் தவணை கொடுத்தார்கள். விவசாய வேலை முடியட்டும் என்று காத்திருந்தார்கள். சொன்ன நாளில் வந்தார்கள், ஒரு நாள் முன்னால்கூட வரவில்லை. அத்துமீறி நுழைந்தவனோடும் பேசித் தீர்க்கத் தெரிந்த நாடு அது. மலைமக்கள் அந்த நாட்டோடு போட்டுக்கொண்ட உடன்படிக்கை இந்தக் கதைக்குள் பத்திரமாக இருக்கிறது: உன் பிழைப்புக்கு வா, முடித்துக்கொண்டு போ, குழலூதிக்கொண்டு உல்லாசமாகத் திரியாதே.

உடன்படிக்கையின் மற்ற பிரிவுகளும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் அடிப்படையில் ஒன்றுதான். புக்யாலுக்குப் போகும்போது பளிச்சென்ற உடை உடுத்தாதே. சீழ்க்கை அடிக்காதே. கத்தாதே, பாட்டுப் போடாதே. பூப்பறிக்காதே. பிரம்மகமலத்தை நந்தாஷ்டமி வரும்வரை தொடக் கூடாது. புரட்டாசியை ஒட்டி வரும் அந்த நாளில், உரியவர்கள் வெறுங்காலோடு போய், வேண்டிய அளவு பறித்து நந்தா தேவிக்குச் சாத்துவார்கள். அதற்குள் செடி விதை பிடிக்க அவகாசம் கிடைத்துவிடுகிறது. உங்கள் மாநில மலர் பிரம்மகமலம், மாநிலப் பறவை மோனல், மாநில விலங்கு கஸ்தூரி மான். மூன்றும் ஆச்சரிகளின் குடிகள் என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நந்தா தேவி ராஜ் ஜாத் யாத்திரையிலும் இதே சட்டம்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அந்த யாத்திரை கடைசியாக 2014இல் நடந்தது. நான்கு கொம்பு ஆட்டுக்கடா முன்னே போக, நௌட்டியிலிருந்து ஹோம்குண்ட் வரை கூட்டம் நடக்கும். வாண் கிராமம்தான் வழியில் கடைசி ஊர். அதைத் தாண்டினால் வேறு ஆட்சி, வேறு கட்டுப்பாடு. கன்னௌஜ் அரசன் ஜஸ்தவல் அதை மதிக்காமல் ஆடற்பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மலைமேல் கூத்தடித்தான் என்றும், ஆடியவர்கள் கல்லானார்கள் என்றும், அவன் கூட்டம் ரூப்குண்டில் கல்மழையில் மாண்டது என்றும் சொல்கிறார்கள். கல்லான இடத்தின் பெயர் பாதர் நச்சௌணி. ரூப்குண்ட் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அவர்கள் ஒரே கூட்டம் இல்லை, ஒரே காலத்தவரும் இல்லை, சிலர் கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்து மரபு கொண்டவர்கள் என்று காட்டியது. வரலாறு அப்படி இருக்கட்டும். மலைமக்கள் அந்த எலும்புகளைப் பார்த்து எழுதிவைத்த சட்டம் சரியான சட்டம். அங்கே உல்லாசத்துக்குக் கூட்டம் சேர்க்கக் கூடாது.

நாங்கள் சேர்த்தோம். நாங்கள் என்றால் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை என்று எல்லா ஊர்களிலிருந்தும் வண்டி பிடித்து வந்தவர்கள்.

ஒரு புக்யால் எப்படிச் சாகிறது என்பதைத் தரையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். மேலே இருப்பது புல்லும் வேரும் பின்னிய ஒரு மெல்லிய பாய். அதன் அடியில் கொஞ்சம் கறுப்பு மண். அதற்கும் அடியில் சரளைக் கல். ஈரமான நாளில் கோவேறு கழுதையின் குளம்பு அந்தப் பாயைக் குத்திக் கிழிக்கிறது. பின்னால் வரும் அடுத்த கழுதை சேற்றை ஒதுக்கி ஓர் அடி தள்ளிக் கால் வைக்கிறது. அப்புறம் மனிதர்கள் இன்னும் தள்ளி நடக்கிறார்கள். ஒற்றையடிப் பாதை நாலைந்து தடமாகப் பிரிந்து அகலமாகிறது. மழை வருகிறது, தடம் வாய்க்காலாகிறது. அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் வாய்க்கால் ஓரங்களில் பாய் உள்ளே காற்றாடத் தொங்கிக்கொண்டிருக்கும். கையால் தூக்கினால் துணி மாதிரி வரும். கூடாரம் அடித்த இடங்களில் சதுரம் சதுரமாக மஞ்சள் பூத்த புல். சமையல் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய வடிகால் பள்ளம் அப்படியே இருக்கும். அந்த உயரத்தில் வளர்வதற்குக் கிடைப்பதே சில மாதங்கள்தான், ஆறுவதற்கும் அந்தச் சில மாதங்கள்தான்.

உத்தரகாசி பக்கத்துப் புல்வெளி ஒன்றில், எங்கள் குழுவில் ஓர் இளைஞர் தோள்பையில் ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டு பாட்டுப் போட்டபடியே வந்தார். எதிரே செம்மறிக் கூட்டம் இறங்கிவந்தது. சிறுத்தை கழுத்தைக் கவ்வாமலிருக்க இரும்புப் பட்டை கட்டிய இரண்டு போட்டியா நாய்கள், பின்னால் நடந்துகொண்டே தக்களியில் கம்பளி நூல் திரித்தபடி ஒரு பெரியவர். நின்றார். “பைஜி, அதை நிறுத்திவிடுங்கள். ஆச்சரிகள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறீர்கள்” என்றார். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. பாட்டு நின்றதும் தலையை அசைத்துவிட்டுக் கீழே போய்விட்டார். எங்கள் வழிகாட்டியும் அதே மாவட்டத்துப் பையன்தான். அந்தச் சட்டம் அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் காசு கொடுத்து வந்தவர்களிடம் அதைச் சொல்லும் அதிகாரம் அவனுக்கு இல்லை. அந்த நாடு எதை இழந்திருக்கிறது என்பது எனக்கு அங்கே விளங்கியது. சட்டம் அப்படியே இருக்கிறது, தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அமல்படுத்தும் உரிமைதான் போய்விட்டது.

உங்கள் உயர் நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2018 ஆகஸ்டில், ஆலி, பேதினி, பக்ஜி புக்யால்களைக் காக்க ஊர்க்காரர்கள் அமைத்த சமிதி தொடுத்த வழக்கில், புல்வெளிகளில் இரவு தங்கக் கூடாது, 200 பேருக்கு மேல் விடக் கூடாது, நிரந்தரக் கட்டுமானங்களை அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. யோசித்துப் பாருங்கள். இரவு தங்காதே, கூட்டம் சேர்க்காதே, கட்டடம் கட்டாதே என்பதெல்லாம் ஆச்சரிகளின் சட்டம்தான். நீதிமன்ற முத்திரை மட்டும் புதிது. ஆனால் அதைக் கேட்டு வழக்குப் போட்ட ஊர்க்காரர்களின் கையில் அமலாக்கம் வரவில்லை, துறையிடமே போனது. தடை வந்ததும் கூட்டம் வேறு மலைகளுக்கு மாறிப்போனது. வாண், லோஹாஜங் பக்கத்தில் கூடாரம் சுமந்து பிழைத்தவர்கள் வருமானத்தை இழந்தார்கள். புல்வெளியைக் காக்கச் சொன்னவர்களே அதற்கு விலையும் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 2019 ஜூனில், ஔலியில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் திருமணங்கள் நடந்தன. அதுவும் புல்வெளிதான். செலவு 200 கோடி என்று செய்தித்தாள்கள் எழுதின. விருந்து முடிந்தபின் ஜோஷிமட் நகராட்சி முன்னூறு குவிண்டாலுக்கு மேல் குப்பை அள்ளியது. உயர் நீதிமன்றம் தலையிட்டு 3 கோடி ரூபாய் முன்பணமாகக் கட்டச் சொல்ல வேண்டிவந்தது. ஔலிக்கு நேர் கீழே இருக்கும் ஜோஷிமட் பழைய நிலச்சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பார்த்து நடங்கள் என்று மிஸ்ரா குழு 1976இலேயே எழுதிக் கொடுத்தது. 2023 ஜனவரியில் அந்த ஊரில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன.

இப்படியெல்லாம் சொன்னால், சரி, மொத்தமாகப் பூட்டிவிடுகிறோம் என்பீர்கள். அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பூட்டிப் பார்த்தாயிற்று.

1931இல் காமெட் சிகரத்திலிருந்து இறங்கிய ஆங்கில மலையேறி ஃபிராங்க் ஸ்மைத் பியூந்தர் பள்ளத்தாக்கில் நுழைந்தார். அதற்குப் பிறகுதான் அது பூக்களின் பள்ளத்தாக்கு என்று உலகத்துக்குத் தெரிந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அது பரிகளின், அதாவது தேவதைகளின், இடம் என்று முன்பே தெரியும். ஆட்டை ஓட்டிப் போவார்கள், அளவோடு தங்குவார்கள், இறங்கிவிடுவார்கள். 1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்காவானது, மேய்ச்சல் நின்றது. அதன் பிறகு ஆளுயரம் வளரும் பாலிகோனம் செடி பரவி மற்றப் பூக்களை மூடத் தொடங்கியது. ஆடுகள் வராததுதான் காரணம் என்கிறார்கள் சிலர், ஆய்வாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆண்டுதோறும் வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் எல்லோரும் பார்ப்பது.

நந்தா தேவி சிகரத்தைச் சூழ்ந்த உள்வட்டத்தையும் அதே காலத்தில் தேசியப் பூங்காவாக்கிப் பூட்டினார்கள். அங்கே வந்து குவிந்த மலையேற்றக் குழுக்களின் சேதத்தை நிறுத்தியது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் லாத்தா, ரேணி ஊர்க்காரர்களின் மேய்ச்சலும் மூலிகையும் சுமைகூலியும் சேர்ந்து பூட்டப்பட்டன. ரேணி எந்த ஊர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1974 மார்ச் 26 அன்று, ஆண்கள் ஊரில் இல்லாத நேரத்தில் மரம் வெட்ட வந்தவர்களைக் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மறித்து நின்றார்களே, அந்த ரேணி. காட்டைத் தாய்வீடு என்று சொல்லிக் காப்பாற்றியவர்களுக்குத் தாய்வீட்டில் நுழைய அனுமதிச்சீட்டு கிடையாது என்றாகிவிட்டது. 1998இல் லாத்தா மக்கள் ‘ஜப்டோ சீனோ’ (பாய்ந்து பறி) என்று போராட்டம் அறிவித்துப் பூங்காவுக்குள் நடந்தார்கள். 2001இல், இந்த மலைக்கு வரும் சுற்றுலா எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே ஒரு பிரகடனம் எழுதி வெளியிட்டார்கள்.

அந்த ரேணிக்கு மேலே 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பிளந்து விழுந்தன. 13.2 மெகாவாட் ரிஷிகங்கா நிலையம் இருந்த இடம் தெரியாமல் போனது. தபோவனில் கட்டிக்கொண்டிருந்த பெரிய நிலையத்தின் சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் புதைந்தார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக இருநூறு பேருக்கு மேல். அதன் பிறகு அந்தப் பகுதி மக்கள் ஐந்து பேர் திட்டங்களை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2021 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர்கள் நோக்கத்தையே சந்தேகித்து மனுவைத் தள்ளி, ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டச் சொன்னது. மலைக்காகப் பேச வருகிறவர் யார், என்ன உரிமையில் பேசுகிறார் என்பது இன்னும் தீராத கேள்வி என்பதற்கு இதைவிட வேதனையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை காண ஒரு வாசல் ஏற்கெனவே திறந்து, பாதியில் நின்றிருக்கிறது. 2017 மார்ச் 20 அன்று உங்கள் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படி நபர்கள் என்று அறிவித்தது. பத்து நாள் கழித்து, மார்ச் 30 அன்று வந்த தீர்ப்பில் கங்கோத்ரி, யமுனோத்ரி பனியாறுகள், ஓடைகள், ஏரிகள், காடுகள், சுனைகள் எல்லாவற்றோடும் புல்வெளிகளும் நபர்கள் என்றது. எனக்கு அந்த வரி முக்கியம். புல்வெளிகளுக்கு உயிருள்ள ஒருவருக்கு உரிய உரிமைகள் உண்டு என்று இந்திய நீதிமன்றம் ஒன்று எழுதியிருக்கிறது. நதிகளைப் பற்றிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் நிறுத்திவைத்தது. நிறுத்தக் கேட்டுப் போனது உங்கள் அரசு. வெள்ளம் வந்து ஒருவர் இறந்தால் நதியின் சார்பில் நட்டஈடு கொடுப்பது யார், பல மாநிலங்களில் ஓடும் நதிக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பேற்பது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் புக்யால் பல மாநிலங்களில் ஓடவில்லை. அது உங்கள் மாநிலத்துக்குள்ளேயே, உங்கள் ஊர்களுக்கு மேலேயே கிடக்கிறது. நதிக்கு வந்த சிக்கலில் பெரும்பகுதி இதற்குக் கிடையாது. அந்தத் தீர்ப்புகளில் எனக்குள்ள குறை வேறு. பாதுகாவலர்கள் என்று முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் தலைமைச் செயலர் முதலான அதிகாரிகள். தலைமைச் செயலர் இருக்கும் ஊர் டேராடூன்.

இங்கே உங்கள் சொந்த வரலாற்றை நினைவூட்ட அனுமதியுங்கள். உத்தரப் பிரதேசத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், மலையின் கஷ்டம் அதன் தலைநகர் லக்னோவுக்குப் புரியாது, சமவெளியில் உட்கார்ந்து மலையை ஆள முடியாது என்று சொல்லித்தான் தனி மாநிலம் கேட்டீர்கள். 1994 செப்டம்பரில் கட்டீமாவிலும் மசூரியிலும், அக்டோபர் 2 அதிகாலையில் முசாஃபர்நகர் ராம்பூர் திராஹாவிலும் அதற்காக உயிர்கள் போயின. பெண்கள் பட்ட கொடுமை சொல்லி மாளாது. 2000 நவம்பர் 9 அன்று மாநிலம் பிறந்தது. தலைநகரம் மலையில் இருக்க வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் 2020இல் கைர்சைணைக் கோடைத் தலைநகராக்கினீர்கள். தொலைவிலிருந்து ஆளப்படுவது எப்படி வலிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மரக்கோட்டுக்கு மேலே இருக்கும் நாட்டுக்கு இன்று நீங்கள்தான் லக்னோ. அன்று நீங்கள் லக்னோவிடம் கேட்ட அதே நியாயத்தைத்தான் ஆச்சரிகளின் சார்பில் நானும் கேட்கிறேன்.

தேவதைகளின் பெயரில் எப்படிச் சட்டம் எழுதுவது என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டுச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. கோயிலில் இருக்கும் மூர்த்தி சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம் என்பதை 1925இலேயே பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. ஒடிசாவில் நியம்கிரி மலை நியம் ராஜாவுக்குச் சொந்தம் என்றார்கள் டோங்ரியா கோண்டு மக்கள். பாக்சைட் சுரங்கம் வரலாமா என்பதை அவர்களின் கிராம சபைகளே முடிவுசெய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அரசர் ஒருவரின் ஆட்சியை, அவருடைய குடிகளின் வாயால், நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டது என்றுதான் அதைப் படிக்கிறேன். எங்கள் மதுரைக் கிளை உயர் நீதிமன்றமும் 2022 ஏப்ரலில், மேகமலைக் காட்டு நிலம் பற்றிய வழக்கில், இயற்கை அன்னைக்கு உயிருள்ள நபரின் தகுதி உண்டு என்று தீர்ப்பளித்தபோது உங்கள் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத்தான் துணைக்கு அழைத்தது. நீங்கள் ஏற்றிய விளக்கு எங்கள் ஊர்வரை வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அதை அணையவிடாதீர்கள்.

கடல் தாண்டியும் முன்மாதிரி உண்டு. நியூசிலாந்தில் டெ உரெவெரா என்று ஒரு மலைக்காடு. அங்கே வாழும் டூஹோய் மக்கள், மூடுபனிப் பெண்ணுக்கும் மலைக்கும் பிறந்தவர்கள் தாங்கள் என்று வம்சம் சொல்கிறவர்கள். சுயாட்சி கேட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடினார்கள். 2014இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அதுவரை தேசியப் பூங்காவாக இருந்த காட்டை யாருக்கும் சொந்தமில்லாத, தனக்குத்தானே சொந்தமான சட்ட நபராக்கியது. அதன் சார்பில் முடிவெடுக்கும் வாரியத்தில் முதலில் அரசுத் தரப்பும் டூஹோய் தரப்பும் சமமாக இருந்தன, சில ஆண்டுகளில் டூஹோய் பெரும்பான்மை என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். சுற்றுலாவை நிறுத்தவில்லை. வருகிறவர்கள் விருந்தாளிகளாக வருகிறார்கள்.

நான் கேட்பதும் ஏறத்தாழ அதுதான். புக்யால்களைச் சட்ட நபர்களாக அறிவிக்கும் சட்டம் ஒன்றை உங்கள் சட்டமன்றம் இயற்ற வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பை நம்பி இருந்தால் இன்னொரு நீதிமன்றம் நிறுத்திவைக்கும். ஒவ்வொரு புக்யாலுக்கும் அதன் கீழே இருக்கும் ஊர்களிலிருந்து ஒரு காவல் சபை வேண்டும். அதில் ஆடு மேய்ப்பவர்களும் பெண்களும் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். வனத்துறை அதிகாரி உட்காரட்டும், ஆனால் தலைமை வகிக்க வேண்டாம். இது ஒன்றும் உங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. குமாவூன் மக்கள் காட்டுரிமைக்காகப் போராடி 1931இல் பெற்ற வனப் பஞ்சாயத்து முறை இன்றும் உங்களிடம் இருக்கிறது, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அந்த முறையை மரக்கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். அதற்கு உண்மையான அதிகாரமும் கொடுங்கள். எந்த மாதம் திறப்பது, எத்தனை பேரை விடுவது, கழுதை போகலாமா, எந்தப் புல்வெளிக்கு எத்தனை ஆண்டு ஓய்வு என்பதெல்லாம் அந்தச் சபையின் வேலை. நுழைவுக் கட்டணம் அந்த ஊர்களுக்கே போகட்டும். மலையேற்ற நிறுவனம் எதுவானாலும் சபையின் உத்தரவில்லாமல் கூடாரம் அடிக்கக் கூடாது. வழிகாட்டிப் பையன் “ஒலிபெருக்கியை அணையுங்கள்” என்றால் அது வேண்டுகோளாக இல்லாமல் உத்தரவாக இருக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் எல்லோரும் உத்தமர்களா என்று ஓர் எதிர்க்கேள்வி வரும் என்பதும் தெரியும். கீடா ஜடி பருவத்தில், மே, ஜூன் மாதங்களில் ஊர் ஊராக மேலேறிப் புல்வெளியில் வாரக்கணக்கில் தங்கி, மண்ணைக் கிளறி அந்தப் புழுப் பூஞ்சையைத் தேடுவது யார்? அவர்கள்தான். கிலோ பல லட்சத்துக்கு விற்கும் பொருள். மேலே போனால் பிள்ளைகளின் படிப்புச் செலவு தீர்ந்துவிடும் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? அந்தச் சேதமும் சேதம்தான், மூடி மறைக்கவில்லை. ஆனால் அதைக் கட்டுப்படுத்த வெளியாளால் முடியாது. எந்த மேட்டில் யார் வீட்டார் தேடினார்கள், எப்போது இறங்கினார்கள் என்பது ஊருக்குத்தான் தெரியும். அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்து ஊரிடம் இருந்தால் இந்த ஆண்டு இந்த மேடு வேண்டாம் என்று ஊரே சொல்ல முடியும். நடவு முடியட்டும் என்று காத்திருந்த ஆச்சரிகளோடு இதற்கும் ஒரு தவணை பேசிக்கொள்ள அந்த ஊர்களுக்குத் தெரியும்.

உங்கள் வனத்துறை செய்த நல்ல காரியம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தயாரா புக்யாலில் அரித்துப்போன ஓடைத்தடங்களில் தென்னை நார் வலை விரித்து, பைன் ஊசியிலை மூட்டைகளால் தடுப்பு வைத்து, மேலே புல் பிடிக்கவைத்தார்கள். சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை. அக்கறையோடு செய்த வேலை. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் உங்கள் துறையில் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்த மடலை நம்பிக்கையோடு எழுதுகிறேன். காவல் சபைகளின் கீழே அவர்கள் வேலை செய்தால் இன்னும் நன்றாகச் செய்வார்கள்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் முகாம்களில் இப்போது தமிழ் நிறையவே கேட்கிறது. கேதார்காண்டாவுக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்கும் போகும் எங்கள் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். அவர்களிடம் கேட்பது இதுதான். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். போகும் மலையின் அடியில் இருக்கும் ஊரில் ஒருநாள் தங்குங்கள். அந்த ஊரின் சட்டம் என்ன என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். அவர் சொல்வதைச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

அரசிடம் கடைசியாக ஒன்று. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச முடிவுசெய்தால் முதல் கூட்டத்தை டேராடூனில் வைக்காதீர்கள். வாண் கிராமத்தில் வையுங்கள். நந்தாஷ்டமி முடிந்து, மந்தைகள் கீழே இறங்கிய பிறகு வைத்தால் ஆடு மேய்ப்பவர்களும் வந்து உட்கார முடியும். ஆங்கிலத்தில் வேண்டாம், கட்வாலியில் பேசவிடுங்கள். கோப்புகளைத் திறப்பதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெண்களைப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மலைகளுக்கு வந்துபோகும் தமிழ்நாட்டுக்காரன் ஒருவன்